பூவா தலையா: தற்செயலை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

தேவையானவை: ஒரு ரூபாய் நாணயம், தாள், பேனா, மொபைல் கால்குலேட்டர். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். "இதைக் கணிக்க முடியுமா?" என்று யாராவது கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லவே முடியாது. முடிவு எதிலிருந்து வருகிறது, அதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்க்க வேண்டும். செய்து பார்த்தால் இது தானாகப் புரியும்.

படி 1: நாணயத்தைத் தொடாதீர்கள். மனதுக்குள்ளேயே சுண்டுவதாக நினைத்து 100 முடிவுகளை எழுதுங்கள், பூ அல்லது த என்று. யாரும் ஊகிக்க முடியாதபடி, எவ்வளவு தாறுமாறாக முடியுமோ அவ்வளவு தாறுமாறாக.

படி 2: இப்போது நிஜமாகவே 100 முறை சுண்டி, தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். கை வலிக்கும், பரவாயில்லை, பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: இரண்டு பக்கத்திலும் ஒரே முகம் தொடர்ந்தாற்போல் அதிகபட்சம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மனதால் எழுதியது பெரும்பாலும் மூன்று, நான்கில் நின்றிருக்கும், ஏனென்றால் நாலு த வந்ததுமே நம் கை தானாகப் பூவுக்குப் போய்விடும். நிஜ நாணயம் அப்படித் தயங்காது. 100 முறை சுண்டினால் ஒரே முகம் தொடர்ந்து 5 தடவையாவது வர சுமார் 97 சதவீத வாய்ப்பு இருக்கிறது, 6 தடவையாவது வர 80 சதவீதம். ஆக, நமக்கு "ரேண்டம்" என்று தோன்றுவது வேறு, நிஜத்தில் அது இருக்கும் விதம் வேறு. இது தெரியாமல் பணத்தை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. "இத்தனை கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான்" என்று நம்பி ஆட்டத்துக்கு ஆட்டம் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். இன்று மொபைலில் பந்தயம் கட்டுபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

படி 4: அடுத்தது கம்ப்யூட்டர். அது "ரேண்டம்" எண்களைப் பெரும்பாலும் ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் உருவாக்குகிறது, அதை நாமும் கையால் செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதுங்கள். வந்த மீதிக்கும் அதையே திரும்பச் செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 35, 3 கூட்டினால் 38, மீதி 6. அப்புறம் 33, மீதி 1. இப்படியே போனால்:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

சூத்திரத்தைச் சொல்லாமல் இதை வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள், குலுக்கிப் போட்ட எண்கள் என்றே நினைப்பார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள்: ஒற்றைப்படை, இரட்டைப்படை மாறி மாறி வருகிறது, 0 முதல் 15 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை, 4-க்குப் பிறகு மறுபடி 7. சூத்திரம் தெரிந்தவருக்கு இதில் தற்செயல் என்று எதுவுமே இல்லை. பைத்தான் என்ற கணினி மொழியில் இருக்கும் ரேண்டம் மாட்யூல் (தயாராக எழுதி வைத்த நிரல்) இதைவிட எவ்வளவோ சிக்கலானது, இருந்தாலும் அது தரும் 32 பிட் எண்களில் (0, 1 என 32 இலக்கம் கொண்டவை) அடுத்தடுத்து 624 கிடைத்துவிட்டால் மிச்சத்தையெல்லாம் கணக்கிட்டுவிடலாம். விளையாட்டு எழுதும்போது அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டு உருவாக்க மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்கென்றே சீக்ரெட்ஸ் என்ற மாட்யூல் இருக்கிறது.

படி 5: சரி, நாணயமாவது நிஜத் தற்செயலா? அதுவும் இயற்பியல் விதிப்படிதான் சுழல்கிறது. கணிதவியலாளர் பெர்சி டயகோனிஸுக்காகச் செய்யப்பட்ட ஓர் இயந்திரம், ஒரே விசையில் சுண்டி ஒவ்வொரு முறையும் ஒரே முகத்தை விழவைத்தது. மனிதக் கை அவ்வளவு சீராக இயங்காததால்தான் நமக்கு முடிவு தெரிவதில்லை. அப்போதும் ஒரு சாய்வு இருக்கிறது: 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 3,50,757 முறை சுண்டியதில், தொடங்கும்போது மேலே இருந்த முகமே 50.8 சதவீதம் விழுந்திருக்கிறது. உங்கள் 100 முடிவுகளில் இதைத் தேடாதீர்கள், இவ்வளவு சின்ன வித்தியாசம் அதில் தெரியாது.

படி 6: இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு 40 சில்லறைக் காசுகளைக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள், தலை விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி கொட்டுங்கள். காசு இல்லையென்றால் தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வைத்த புளியங்கொட்டை போதும், சரிபாதி வராவிட்டாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும். 40 காசு 20-ஐ ஒட்டி வரும், அடுத்து 10-ஐ ஒட்டி. எந்தக் காசு முதலில் போகும் என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது.

கதிரியக்கமும், அதாவது சில அணுக்கள் தானாகவே சிதைவதும், இப்படித்தான். மருத்துவமனைகளில் எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் செலுத்தும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அதை நம்பித்தான் காலையிலேயே மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதில் ஏதோ ஓர் அணுவைச் சுட்டி, இது எப்போது சிதையும் என்று கேட்டால், குவாண்டம் இயற்பியல் வாய்ப்பை மட்டும்தான் தருகிறது. காசுக்குச் செய்ததுபோல் இதற்கு ஓர் இயந்திரம் செய்ய இதுவரை வழியில்லை.