ஓப்ராக் மேட்டுநிலத்தில் வழி தவறாமல் நடக்க

தெற்கு பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலத்தில் நாஸ்பினால் ஊரிலிருந்து சேன் ஷெலி வரை ஜி.ஆர். 65 என்ற நெடுந்தூர நடைபாதையில் சுமார் 17 கி.மீ. நல்ல ஒரு நாள் நடை. மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை இங்கே மாடுகள் மேயும். ஜூனில் புல்வெளி முழுக்கப் பூக்கள்.

பாதைக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெள்ளைக்கோடு மேலே, சிவப்புக்கோடு கீழே இருந்தால் நேராகப் போகலாம். அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அது தவறான வழி. மரங்கள் குறைவு என்பதால் வேலிக்கம்பத்திலும் பாறையிலும் தேடுங்கள். மாடு நடந்த தடம் பாதை போலவே தெரியும். மூடுபனியில் பலர் ஏமாறுவது அங்கேதான். சில நூறு மீட்டருக்குக் குறியே காணவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ.

வேலிக்கதவைத் திறந்தால் உடனே மூடுங்கள். தாய்ப்பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது, சுற்றிப் போங்கள். மேய்ச்சல் நிலத்து ஓடை தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள், மேலே மாடுகள் நிற்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் சுமந்து போவதே நல்லது.

ஓப்ராக் கிராமத்துக்குப் பிறகு சுமார் 8 கி.மீ.யில் 500 மீட்டர் இறக்கம். மழை பெய்த நாளில் கற்கள் வழுக்கும். ஊன்றுகோலை ஏறும்போது பிடித்ததைவிடச் சற்று நீளமாக்கி, அடியைச் சின்னதாக வையுங்கள். அவசரத்துக்கு 112.