முகாமுக்கு மறுநாள் என்ன செய்வீர்கள்? பள்ளியில் பல் பராமரிப்பைத் தொடங்கும் வழி

பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடத்தலாமா என்று யார் கேட்டாலும், அதற்கு மறுநாள் என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். டார்ச் அடித்துப் பார்த்து, சிகிச்சை தேவை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அது நாலாக மடிந்து புத்தகப் பையின் அடியில் மாதக்கணக்கில் கிடக்கும், பிள்ளையோ வலிக்காத பக்கமாக மென்று பழகிவிட்டிருக்கும்.

அதனால் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவரிடமோ பல் மருத்துவக் கல்லூரியிடமோ போகும்போது, பரிசோதிக்க வாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மாதம் ஒரு நாள் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி சிகிச்சை தருவீர்களா, யாரிடம் பேச வேண்டும், செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகளுக்கு மாணவர்களின் களப்பயிற்சிக்கு இடம் தேவை, பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

சரி, அடுத்தது தினசரி வேலை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டத்தில் மழலையர் பள்ளியிலேயே ஆசிரியர் கண்ணெதிரே தினமும் பல் தேய்க்க வைக்கிறார்கள். நாமும் செய்யலாம், குழாயடியில் வரிசைகூட வேண்டாம். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே 2 நிமிடம் தேய்த்து நுரையை ஒரு காகிதக் கோப்பையில் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்காமல் விட்டால் பேஸ்டில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு பல்லில் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். பேஸ்டில் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளூரைடு இருக்கட்டும். 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. ட்யூபை ஒவ்வொரு பிரஷிலும் தொட்டு வைக்காதீர்கள். ஒரு தட்டில் தனித்தனியாகப் பிதுக்கி வைத்து, அவரவர் பிரஷால் எடுக்கச் சொல்லுங்கள். பிரஷில் பெயர் எழுதி, ஒன்றோடு ஒன்று உரசாமல் நிமிர்த்திக் காய வையுங்கள், 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். (நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர் என்றால் எந்த பேஸ்ட் என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.)

பெற்றோர் கூட்டத்தில் ஒரு விஷயத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். 6 வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். விழுந்து முளைக்கும் பல்தானே என்று விட்டுவிடுகிறோம், ஆனால் அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் மேல்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களில்தான் சொத்தை முதலில் பிடிக்கும், அந்தப் பள்ளங்களை மூடும் சீலண்ட் பூச்சை மருத்துவக் குழு பள்ளியிலேயே போட முடியும். பல்லின் மேல் தடவும் ஃப்ளூரைடு வார்னிஷும் அப்படியே, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை.

இவை எல்லாவற்றுக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். குறிப்பாக, துளையிடாமலே சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற மருந்தை வைத்தால் அந்த இடம் கறுத்துப் போய் அப்படியே இருக்கும். முன்பே படம் காட்டிச் சொல்லாவிட்டால், மறுநாள் பள்ளி வாசலில் கோபத்தோடு நிற்பார்கள், அது நியாயமும்கூட.

அப்புறம் அந்தச் சீட்டு. பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டில் பெயர், எந்தப் பல், வீட்டுக்குப் போன் செய்த தேதி, சிகிச்சை முடிந்த தேதி என்று நாலு கட்டம் போட்டு, ஒரு ஆசிரியரும் ஒரு பெற்றோரும் வாரம் ஒருமுறை அதைத் திறந்து, கடைசிக் கட்டம் காலியாக உள்ள வீடுகளுக்கு மறுபடி போன் செய்யுங்கள்.