தாழ்வாரத் தொட்டிச் செடிகளும் தண்ணீரும்: தேங்கிய உப்பை வெளியேற்றும் முறை

தொட்டிச் செடியின் இலை நுனி கருகத் தொடங்கினால் நம்மில் பலர் முதலில் குழாய்த் தண்ணீரையே சந்தேகிக்கிறோம். தமிழில் கிடைக்கும் தோட்டக் குறிப்புகளில் பல, ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உள்ளூர் நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜொகூர், புதுநீர் (சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்கு வரும் கழிவுநீர்), உப்பகற்றப்பட்ட கடல்நீர் ஆகிய நான்கு வழிகளில் நீர் பெறும் சிங்கப்பூரில், குழாயில் வரும் நீரின் உப்பு அளவு செடியை வாட்டும் அளவுக்கு இருப்பதில்லை. உண்மையான சிக்கல் தொட்டிக்குள்தான் உருவாகிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் நிற்கும் செடிக்கு மழை படுவதில்லை. கீழ்வீட்டாரின் துணிகள் மீது சொட்டிவிடக் கூடாதே என்று நாமும் அளந்து அளந்து ஊற்றுகிறோம். நீரைச் செடி உறிஞ்சிக்கொள்ள, உரத்திலிருந்தும் நீரிலிருந்தும் வந்த உப்புகளில் பெரும்பகுதி வெளியேற வழியின்றி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் படிவமும், இலை நுனியில் பழுப்பும் அதை ஒட்டிய மெல்லிய மஞ்சள் கோடும் இதன் அடையாளங்கள். உப்பு மிகுந்த மண்ணில் வேரால் நீரை எளிதில் இழுக்க முடியாததால், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவதும் உண்டு.

ஆகவே இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது, உரமிடுவதற்கு முன்பாக, தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுசென்று மண்ணை அலச வேண்டும். மண் இறுகியிருந்தால் ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும் என்பதால், முதலில் பழைய முள்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். இறுகிய மண்ணின் மேல் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், டெங்கித் தடுப்புக்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதும் இதையேதான். பிறகு தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை, அடித்துளை வழியாக வடிய விட்டு விட்டு, மெதுவாக ஊற்றுங்கள். முதலில் தேநீர் நிறத்தில் வடிவது படிப்படியாகத் தெளியும். நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மானி வைத்திருப்பவர்கள் வடிநீரையும் குழாய்நீரையும் ஒப்பிடலாம்; வடிநீரில் மானி காட்டும் அளவு பல மடங்கு கூடுதலாக இருந்தால் இன்னும் ஊற்ற வேண்டும். அடித்தட்டில் சேர்ந்த நீரை உடனே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் வெளியேறிய உப்பை மண் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். அலசும்போது சத்தும் கரைந்து போவதால், ஒரு வாரம் கழித்துப் பாதி அளவு உரம் கொடுப்பது நல்லது.

வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்ற அறிவுரை இங்கே பயன் தராது. இந்நாட்டுக் குழாய்நீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோராமின். அது ஓர் இரவில் ஆவியாகிவிடாது. குடிநீரில் இருக்கும் அளவு தொட்டிச் செடிகளைப் பாதிப்பதுமில்லை. மூடாத வாளியால் கொசு வளர்வதுதான் மிச்சம்.

பற்களின் நலனுக்காகச் சேர்க்கப்படும் ஃப்ளூரைடு வேறு கதை. டிரசீனா, ஸ்பைடர் செடி, கலாத்தியா போன்றவற்றின் நுனி சிறிதளவு ஃப்ளூரைடுக்கே கருகக்கூடும். குழாய்நீரால் அலசியும் இது முழுமையாகத் தீராது. இவற்றுக்கு மழைநீரையோ ஏர்கானிலிருந்து சொட்டும் நீரையோ குழாய்நீருடன் மாற்றி மாற்றி ஊற்றலாம், ஃப்ளூரைடு கலந்திருக்கும் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தவிர்க்கலாம். ஏர்கான் நீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் அதை மட்டுமே நம்புவது சரியன்று; ஏர்கானை ரசாயனத்தால் கழுவிய நாள்களில் அந்நீரைச் சேகரிக்கவே வேண்டாம். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. பலனை அடுத்து விரியும் இலையில்தான் பார்க்க வேண்டும்.

அரிசி கழுவிய நீரை அன்றே ஊற்றினால் கேடில்லை. உப்புப் போட்டு வேகவைத்த நீரும் சலவை நீரும் கூடவே கூடாது.

கறிவேப்பிலையின் இளந்தளிர் மட்டும் நரம்பு பச்சையாகவும் மற்ற பகுதி மஞ்சளாகவும் இருந்தால், அது உப்பின் வேலையன்று, பெரும்பாலும் இரும்புச் சத்துப் பற்றாக்குறை. மண்ணில் காரத்தன்மை கூடினாலும் வேர் அழுகினாலும் இது வரும் என்பதால், இரும்புச் சத்து வாங்கப் போகுமுன் செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரைப் பாருங்கள்: வெளிறிய நிறத்தில் உறுதியாக இருந்தால் வேர் எளிதில் உறிஞ்சக்கூடிய கீலேட் வகை இரும்புச் சத்தைக் கொடுக்கலாம், கறுத்துக் கொழகொழவென்று நாறினால், அழுகியதை வெட்டிவிட்டு நீர் வடியும் புதிய மண்ணுக்கு மாற்றுங்கள்.