ஆர்வி ரப்பர் கூரைக்குப் பூச்சு அடிப்பது: வாளியைக் கடைசியில் திறவுங்கள்

டெக்சாஸில் வெயில் ஏறிய பிறகு ஆர்வி ட்ரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளேயே தங்கும் வண்டி) கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எடுக்கும்போது கை வெள்ளையாக இருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்துவிட்டு எழுந்தால் சட்டை எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் 26 அடி ட்ரெய்லரைப் பழைய வண்டியாக வாங்கிய முதல் கோடையில் இதைப் பார்த்துப் பதறிப்போய், அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு வாளி கூரைப் பூச்சு வாங்கி வந்துவிட்டேன். அது தப்பு. அந்தத் தப்பைச் சரிசெய்ய அடுத்த வருடம் இரண்டு வாரக் கடைசிகள் போயின. நீங்கள் முதல் தடவை செய்யப்போகிறீர்கள் என்றால், எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் பொடி நோய் இல்லை. வெயிலில் ரப்பரின் மேல்தோல் மெல்ல உதிர்வதுதான். மழை பெய்தால் அது கரைந்து வண்டியின் பக்கங்களில் வெள்ளைக் கோடுகளாக வழியும். பொடி வருகிறது என்பதற்காக மட்டும் பூச்சு அடிக்க வேண்டாம். கூரை பத்து வயதைத் தாண்டி, வெள்ளைத் தோல் தேய்ந்து அடியிலிருக்கும் கருப்பு அங்கங்கே தெரிய ஆரம்பித்தால் அப்போது யோசிக்கலாம். கூரை இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால், பூச்சு அடித்தால் அது செல்லுமா என்று தயாரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பூச்சு ஒழுகலை நிறுத்தாது. ஒழுகுவது கிட்டத்தட்ட எப்போதும் ரப்பரின் நடுவில் அல்ல. வென்ட் (காற்றுப் போக்கி), ஸ்கைலைட் (கூரை ஜன்னல்), ஆன்டெனா, முன்-பின் ஓரங்கள் என்று கூரையில் ஓட்டை போட்டு எதையாவது பொருத்திய இடங்களில்தான். அதை அடைக்காமல் மேலே பூச்சு அடித்தால், ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

படி 1: மேலே இருப்பது என்ன ரப்பர்?

ஆர்வி கூரையில் அதிகம் காண்பது இரண்டு வகை: இபிடிஎம் (EPDM என்ற செயற்கை ரப்பர்), டிபிஓ (TPO, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்). பார்க்க இரண்டும் வெள்ளைத் தோல்தான். ஆனால் இபிடிஎம்மில் பிடிக்கும் பூச்சு டிபிஓவில் பிடிக்காமல் போகலாம். டிபிஓவுக்குப் பெரும்பாலும் அதற்கென உள்ள பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும். ஃபைபர்கிளாஸ், அலுமினியக் கூரைகளும் உண்டு. அவற்றைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், இந்தப் பதிவு அவற்றுக்கானது அல்ல.

கருப்புத் துணியை எடுத்துக் கூரையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி தாராளமாக ஒட்டினால் இபிடிஎம்மாக இருக்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் வண்டிக்குள் போய், குளியலறை வென்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். கூரையை வெட்டிய ஓரம் அங்கே தெரியும். மேலே வெள்ளை, அடியில் கருப்பு என்றால் அநேகமாக இபிடிஎம்.

இதைவிட முக்கியம், முன்பு யாராவது ஏதாவது பூசியிருக்கிறார்களா என்பது. பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். யாராவது சிலிகோன் தடவியிருந்தால், அதன்மேல் சிலிகோனைத் தவிர வேறெதுவும் உருப்படியாக ஒட்டாது. எங்கள் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் குளியலறை வென்டைச் சுற்றிச் சிலிகோன் டியூபைத் தாராளமாகப் பிழிந்திருந்தார். அதன்மேல் நான் அடித்த அக்ரிலிக், ஒரே சீசனில் பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

படி 2: எந்தப் பூச்சு?

அக்ரிலிக் தண்ணீர் கலந்த பூச்சு. விலை குறைவு, நாற்றம் இல்லை, பிரஷைக் குழாயடியில் கழுவிவிடலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் அதன்மேல் இன்னொரு கோட் அடிக்கலாம். இதன் பலவீனம் தேங்கும் தண்ணீர். ஏசியைச் சுற்றிக் கூரை கொஞ்சம் குழிந்து, மழைக்குப் பிறகு அங்கே நாள்கணக்கில் குட்டை நிற்குமானால், அந்த இடத்தில் அக்ரிலிக் ஊறி மெத்தென்று ஆகிவிடும்.

சிலிகோனுக்குத் தேங்கும் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது ஒருவழிப் பாதை. ஒருமுறை அடித்துவிட்டால் காலத்துக்கும் சிலிகோன்தான். பின்னால் எங்காவது கிழிந்து டேப் ஒட்டலாம் என்றால் டேப்பும் நிற்காது. அழுக்கை வேறு இழுத்துக்கொள்ளும், ஈரமானால் பனிக்கட்டி மாதிரி வழுக்கும்.

மூன்றாவது, திரவ இபிடிஎம். வாளியோடு வரும் ஒரு சின்னப் பாட்டில் இறுகுப் பொருளைக் கலந்து ஒரே கோட்டாக அடிப்பது. இபிடிஎம் கூரையின்மேல் இது உட்காரும் விதமே தனி. கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், கரைப்பான் நெடி கடுமையாக இருக்கும், குளிர்காலத்தில் இறுகவே இறுகாது.

முதல் தடவை செய்பவருக்கு, கூரையில் தண்ணீர் தேங்கவில்லை என்றால், நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். பிசகினாலும் திருத்த இடம் கொடுக்கும். வீட்டுக் கூரைக்கென விற்கும் தார் கலந்த கருப்புப் பூச்சுகள் பக்கமே போகாதீர்கள். பெட்ரோலியப் பொருள் பட்டால் இபிடிஎம் ஊதி, அடியிலிருக்கும் பலகையை விட்டு அலை அலையாக எழும்பிவிடும்.

படி 3: எவ்வளவு வாங்குவது?

ஒரு கேலனை 100 சதுர அடியில் பரப்பினால் ஈரத்தில் அதன் தடிமன் 16 மில், அதாவது 0.4 மில்லிமீட்டர். எந்தப் பூச்சானாலும் இந்தக் கணக்கு மாறாது. அக்ரிலிக்கில் ஏறக்குறைய பாதி ஆவியாகிவிடும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்தபின் நிற்பது 8 மில். எங்கள் கூரை 26 அடிக்கு 8 அடி, 208 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு நாலேகால் கேலன் போல ஆகும், எனவே ஐந்து கேலன் வாளி. மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்று கேலனில் இழுத்து அடித்தால் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் இரண்டு கோடைக்குத் தாங்காது. வாளியில் எழுதியிருக்கும் அளவு இதிலிருந்து மாறினால் வாளி சொல்வதைக் கேளுங்கள்.

படி 4: ஏறும் முன்

வண்டியின் பின்னால் ஏணி இருந்தால் கூரை ஆள் நடக்கத் தாங்கும் என்று பொதுவாக நம்பலாம். இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் மண்டி போட்டு வேலை செய்யுங்கள். தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் இருக்கட்டும்.

ஆர்வி ஃபிரிட்ஜ் பலவற்றில் புரொப்பேன் சுடர் எரியும், அதன் புகைபோக்கி கூரையில்தான் இருக்கும். கரைப்பான் உள்ள பூச்சு என்றால் புரொப்பேனை முதலில் மூடுங்கள்.

மேலே போனதும் உள்ளங்கையால் கூரை முழுக்க அழுத்திப் பாருங்கள். எங்காவது பஞ்சு மாதிரி அமுங்கினால், அடியிலிருக்கும் பலகை ஊறி அழுகியிருக்கிறது. அந்த இடத்தில் பூச்சு அடிப்பது புண்ணின்மேல் பவுடர் போடுவது மாதிரி. ரப்பரைத் தூக்கிப் பலகையை மாற்றாமல் மேலே போகக் கூடாது.

படி 5: கழுவுதல்

முழு வேலையில் பாதி இதுதான். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும், அதிகம் கடினமில்லாத நார் பிரஷும் போதும். பெட்ரோலியம், எலுமிச்சை எண்ணெய் கலந்த கிளீனர்கள் இபிடிஎம்முக்கு ஆகாது. பிரஷர் வாஷரை சீலன்ட் (ஓரங்களை அடைக்கும் பசை) ஓரத்தில் காட்டினால் தண்ணீர் நேராக உள்ளே போய்விடும்.

ஏணிக்கு எதிர்முனையில் ஆரம்பித்து, மூன்றடி மூன்றடியாகத் தேய்த்துக் கழுவி ஏணியை நோக்கி வாருங்கள். கீழே இருப்பவர் ஒவ்வொரு தடவையும் வண்டியின் பக்கங்களை ஓஸ் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருக்கட்டும். அந்த வெள்ளைத் தண்ணீர் பக்கச் சுவரில் காய்ந்தால் பிறகு நீங்கள்தான் உட்கார்ந்து தேய்க்க வேண்டும்.

கழுவிக் காய்ந்தபின் மறுபடி கருப்புத் துணியால் தேயுங்கள். பொடி வந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள். நான் மூன்று தடவை கழுவினேன். பொடியின்மேல் பூசினால் பூச்சு பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், கூரையை அல்ல. சில அக்ரிலிக்குகளோடு ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு கழுவும் திரவம் தருவார்கள், இருந்தால் விடாதீர்கள்.

படி 6: ஒட்டுமா என்று ஒரு சோதனை

இதை எந்த வாளியிலும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் இது ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். சுத்தமான இடத்தில் நான்கு அங்குலச் சதுரத்துக்குப் பூச்சு தடவுங்கள். ஒரு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணி கிழித்து (நான் எடுத்தது பழைய வேட்டி) அதன் ஒரு பாதியை ஈரப் பூச்சில் பதித்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் தடவுங்கள். மறுபாதி வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஒரு வாரம் விட்டுவிட்டு அந்த வாலைப் பிடித்து இழுங்கள். துணி மட்டும் பிய்ந்து பூச்சு கூரையில் நின்றால், சரி, தைரியமாக அடிக்கலாம். பூச்சு முழுசாகத் தோல்போல் உரிந்து வந்தால் பிரைமர் வேண்டும், அல்லது அங்கே ஏற்கெனவே வேறு ஏதோ பூசியிருக்கிறது.

படி 7: ஓரங்களை அடைத்தல்

பழைய சீலன்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. கெட்டியாக ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு, வெடித்ததையும் தூக்கிக்கொண்டு நிற்பதையும் மட்டும் பிளாஸ்டிக் பட்டித் தகட்டால் எடுங்கள். இரும்புத் தகடு ரப்பரைக் கீறிவிடும். அதே வகை லேப் சீலன்ட் என்றால் பழையதன்மேலேயே பூசலாம். சிலிகோன் என்றால் மட்டும் ஒரு துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்.

லேப் சீலன்ட் இரண்டு விதம். சமதளத்தில் தானாகப் பரவுவது ஒன்று. வென்ட் ஓரத்தில் பிழிந்தால், தட்டில் ஊற்றிய இட்லி மாவு மாதிரி மெல்லப் பரவித் திருகுத் தலைகளை மூடி நிற்கும். முன்பக்க வளைவில் இதைப் பிழிந்தால் கண்ணாடி வரை ஓடிவிடும். அங்கே வழியாத வகை வேண்டும். கிழிசல்களுக்கு அகலமான கூரை டேப். துண்டின் மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர்மூலைதான் முதலில் தூக்கும். எட்டர்னாபாண்ட் போன்ற டேப்கள் ஒட்டினால் ஒட்டியதுதான், கோணலாக வைத்துவிட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சீலன்ட் எத்தனை நாள் காய வேண்டும் என்று டியூபிலேயே இருக்கும்.

படி 8: அடித்தல்

வெப்பநிலை 55 முதல் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை இல்லாத நாள். எல்லோரும் மழையைப் பார்ப்பார்கள், பனியை மறந்துவிடுவார்கள். நானும் மறந்தேன். அக்டோபர் மாதம், சாயங்காலம் நாலரைக்கு இரண்டாம் கோட்டை முடித்துவிட்டுத் திருப்தியாகக் காபி குடித்தேன். காலையில் பார்த்தால் பனி இறங்கி, காயாத அக்ரிலிக் கரைந்து, ஜன்னல்மேல் பால் ஊற்றின மாதிரி வழிந்திருந்தது. காலையில் கூரை ஈரம் போனதும் ஆரம்பித்து மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஏசியின் மூடியைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் மாஸ்கிங் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டுங்கள். வாளியை அடிவரை கலக்குங்கள், கனமானதெல்லாம் கீழே படிந்திருக்கும். தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டாம். முதலில் பிரஷால் வென்ட், குழாய், ஓரங்களைச் சுற்றி அடித்துவிட்டு, அப்புறம் நீளக் கம்பு மாட்டிய ரோலர். மறுபடி ஏணிக்கு எதிர்முனையிலிருந்து. இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஈரக் கூரையின் நடுவில் நின்றுகொண்டு மனைவியை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறார்.

ரோலரை அழுத்தித் தேய்க்காதீர்கள். பூச்சை ஊற்றி, பரப்பி, விட்டுவிடுங்கள். முதல் கோட் நீளவாக்கில் என்றால், அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்குவாக்கில். வென்ட் மூடிகள், ஸ்கைலைட் பிளாஸ்டிக், ஃபிரிட்ஜ் புகைபோக்கியின் வாய் இவற்றில் பூச்சு படக் கூடாது. மாஸ்கிங் டேப்பைப் பூச்சு முழுதாக இறுகும் முன்பே உரியுங்கள்.

அப்புறம்

வருடத்துக்கு இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஓரத்து சீலன்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். வாளியின் லேபிளைப் படம் எடுத்துவையுங்கள். நான் கட்டிலுக்கு மேலிருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்: “கூரை: இபிடிஎம். பூச்சு: அக்ரிலிக், இரண்டு கோட். சிலிகோன் தொடாதே.” கீழே அடித்த தேதியும் இருக்கிறது. இந்த வண்டியை விற்கும்போது அந்தக் கதவைத் திறந்து காட்டித்தான் சாவியைக் கொடுப்பேன்.