வசனமே இல்லாத அபத்தக் குறும்படம்: 1924ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் பாடமாக வைத்து எடுப்பது எப்படி?

ஒரு சவ வண்டி போகிறது. அதை இழுப்பது குதிரை அல்ல, ஒட்டகம். பின்னால் துக்கத்துக்கு வந்தவர்கள் நடக்கவில்லை. தாவித் தாவி, காற்றில் மிதந்து மிதந்து வருகிறார்கள். ஆனாலும் வரிசை கலையவில்லை, ஊர்வலத்தின் மரியாதை குறையவில்லை. முதன்முதலில் இந்தக் காட்சியைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, ஏதோ பெரிய விஷயத்தைப் பார்க்கிறோம் என்ற உணர்வும் வந்தது. இப்படி ஒன்றை நாமும் எடுக்க முடியுமா என்ற ஆசை அன்று பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

படத்தின் பெயர் ‘ஆந்த்ராக்ட்’. பிரெஞ்சில் இடைவேளை என்று பொருள். பாரிஸில் 1924இல் ரெனே க்ளேர் இயக்கியது, ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். படம் முதன்முதலில் திரையிடப்பட்டபோது அவருக்கு 26 வயது. இயக்குநராக அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஷான்செலிசே அரங்கில் ஸ்வீடிஷ் பாலே குழு ‘ரெலாஷ்’ என்ற நடன நிகழ்ச்சியை நடத்தியது. அதன் இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் திரையிடுவதற்காகவே இந்தப் படம் எடுக்கப்பட்டது. பெயரும் அதனால்தான். ‘ரெலாஷ்’ என்பது ‘இன்று காட்சி இல்லை’ என்று அரங்கங்கள் மாட்டும் அறிவிப்பு. முதல் நாளன்று முக்கிய நடனக் கலைஞர் ழான் போர்லினுக்கு உடம்பு சரியில்லாமல் போய், நிஜமாகவே காட்சி இல்லாமல் ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து டிசம்பர் 4ஆம் தேதிதான் மேடையேறியது.

இந்தப் படத்தில் உள்ள தந்திரங்களில் பெரும்பாலானவற்றை இன்று ஒரு சாதாரண செல்போனில் செய்துவிடலாம். அவற்றை வைத்து மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுப்பதுதான் இந்தப் பாடம். தேவையானவை: போன், ஒரு ட்ரைபாட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஐந்து நண்பர்கள், ஒரு மொட்டை மாடி, கைன்மாஸ்டர் மாதிரி ஏதாவது ஒரு எடிட்டிங் செயலி.

படி 1: படத்தை இரண்டு முறை பாருங்கள்

இணையத்தில் முழுப் படமும் கிடைக்கிறது. முதல் முறை இசையோடு, எதையும் யோசிக்காமல் பாருங்கள். இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டு, கையில் நோட்டோடு உட்காருங்கள். எந்த ஷாட்டில் ‘இது எப்படிச் செய்தார்கள்?’ என்று தோன்றுகிறதோ, அங்கே நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நோட்டில் எழுத வேண்டாம். எப்படி எடுத்தார்கள் என்பது மட்டும் போதும்.

படி 2: ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தப் படிதான். புதிதாக வருபவர்கள் அபத்தம் என்றவுடன் ஒரே ஷாட்டில் பத்து வினோதங்களைக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். தலையில் வாளி, கையில் மீன், முகத்தில் சுண்ணாம்பு. பார்ப்பவருக்கு எதுவும் ஆச்சரியமாக இருக்காது, ஏனென்றால் எது இயல்பு என்பதே அங்கே தெரியாது.

க்ளேரின் ஊர்வலத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். மாலைகள் இருக்கின்றன, நல்ல உடுப்பு இருக்கிறது, யார் முன்னால் போவது யார் பின்னால் போவது என்ற ஒழுங்கு இருக்கிறது. முக்கியமாக மாறியது ஒட்டகமும் நடையும்தான். அவ்வளவு ஒழுங்கு சுற்றி இருப்பதால்தான் அந்த நடை நம்மை உலுக்குகிறது.

நம்முடைய படத்துக்கு ஒரு விதி சொல்கிறேன்: அந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பெரிய மனிதர். ஐந்து பேரும் அதை அப்படியே நம்புகிறார்கள். குடை பிடிக்கிறார்கள், வழிவிடுகிறார்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் இந்த மரியாதை தாங்காமல் நாற்காலி எழுந்து ஓடுகிறது. எல்லோரும் துரத்துகிறார்கள். கடைசியில் ஒவ்வொருவராக மறைந்துபோகிறார்கள். இதற்கு மேல் எந்த வினோதமும் சேர்க்கக் கூடாது.

படி 3: ஒரு தாளில் எழுதுங்கள்

‘ஆந்த்ராக்ட்’டுக்கான எண்ணத்தைக் கொடுத்தவர் ஓவியர் ஃபிரான்சிஸ் பிக்காபியா. மாக்ஸிம்ஸ் என்ற உணவகத்தின் தாளில் சில குறிப்புகளை எழுதிக் கொடுத்தார். அதை வளர்த்துப் படமாக்கியது க்ளேர். உங்களுக்கும் ஒரு தாள், பத்து வரி போதும். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். ‘நாற்காலி சலித்துப்போகிறது’ என்று எழுதினால் அதைப் படம் பிடிக்க முடியாது. ‘நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்கிறது’ என்று எழுதினால் முடியும்.

படி 4: மிதக்கும் ஊர்வலம்

அந்தக் காலத்தில் திரையிடும் வேகத்தைவிடக் கேமராவை வேகமாக ஓட்டி எடுப்பார்கள். அதிக ஃப்ரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், பதிவாவதால், திரையில் போடும்போது அசைவு மெதுவாகும். போனில் இருக்கும் ஸ்லோமோஷனும் இதே வேலையைத்தான் செய்கிறது.

விநாடிக்கு 120 ஃப்ரேம் என்று வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் நான்கு மடங்கு மெதுவாக ஓடும். ஒருவர் நன்றாகத் தாவினால் கால் தரையைவிட்டு அரை விநாடி பிரிந்திருக்கும். திரையில் அது இரண்டு விநாடி. மிதப்பது போலத் தெரிய இரண்டு விநாடி தாராளம். 240 ஃப்ரேம் வேண்டாம். எட்டு மடங்கு மெதுவானால் ஊர்வலத்தின் தாளம் செத்துவிடும்.

கேமராவை முழங்கால் உயரத்தில் வையுங்கள். பின்னணியில் வானம் வரட்டும். கீழே இருந்து பார்த்தால் தாவல் இன்னும் உயரமாகத் தெரியும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தாவக் கூடாது. ஒருவர் இறங்கும்போது அடுத்தவர் எழ வேண்டும். கையால் தாளம் தட்டி, எண் சொல்லி, நான்கைந்து முறை பழகுங்கள்.

இதில் கஷ்டமான விஷயம் முகம்தான். நாங்கள் முதலில் எடுத்தபோது நடிகர்கள் தாவும்போதே சிரித்துவிட்டார்கள். நடிப்பவர் சிரித்தால், இது விளையாட்டு என்று அவரே சொல்லிவிட்டதாக ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கு அப்புறம் வேலை இல்லை. ‘சிரிக்காதே’ என்று சொல்லிப் பயன் இல்லை, இன்னும் சிரிப்பு வரும். அதற்குப் பதில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஒருவருக்குக் குடையின் நிழல் நாற்காலியை விட்டு விலகக் கூடாது. இன்னொருவர் தட்டில் இருக்கும் தண்ணீர் சிந்தக் கூடாது. கவனம் வேலையில் போனவுடன் முகம் தானாகவே சரியாகிவிடும். அன்று எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்.

படி 5: ஓடும் நாற்காலி

‘ஆந்த்ராக்ட்’டின் முன்னுரைப் பகுதியில் அரங்கத்தின் மொட்டை மாடியில் ஒரு பீரங்கி தானாக உருண்டு வரும். பிறகு பிக்காபியாவும் இசையமைப்பாளர் எரிக் சாட்டியும் குதித்துக்கொண்டே வந்து, அதில் குண்டு போட்டு நம்மை நோக்கிச் சுடுவார்கள். பீரங்கி தானாக உருள்வது, பொருளை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாக எடுக்கும் முறை.

போனை ட்ரைபாடில் இறுக்கிவிட்டு, நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு சாண் நகர்த்தி இன்னொரு போட்டோ என்று எடுத்துக்கொண்டே போங்கள். விநாடிக்கு 12 போட்டோ வீதம் ஓட்டினால் நாற்காலி ஆள் மெல்ல ஓடும் வேகத்தில் ஓடும். ஐந்து விநாடிக்கு 60 போட்டோ வேண்டும். தொடக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு நகர்த்துங்கள். நின்ற இடத்திலிருந்து தயங்கித் தயங்கிக் கிளம்புவது போல இருக்கும். அப்போதுதான் நாற்காலிக்கு உயிர் வரும்.

படி 6: துரத்தல்

படத்தில் சவ வண்டி ஒட்டகத்தை விட்டுப் பிரிந்து தானாக உருள ஆரம்பிக்கும். ஊர்வலம் முழுவதும் ஓட்டமாக மாறும். கால் இல்லாதவர் போலச் சிறு வண்டியில் உட்கார்ந்து வந்தவர்கூட எழுந்து ஓடுவார். பிறகு கேமராவே ரோலர் கோஸ்டரில் ஏறிவிடும். மரங்கள் தலைகீழாகப் பறக்கும். மெதுவாக மிதந்த அதே ஊர்வலம் இப்படிச் சீறுவதால்தான் வேகம் நம் வயிற்றில் தெரிகிறது. நீங்களும் நான்காம் படியில் எடுத்த மெதுவான ஷாட்டுக்கு அடுத்ததாகவே துரத்தலை வையுங்கள்.

ஷாட்டுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: முதலில் 4 விநாடி, அப்புறம் 3, 2, 1, கடைசியில் அரை விநாடி. நாற்காலி எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும், ஆட்களும் அப்படியே. ஒரு ஷாட்டில் திசை மாறினாலும் எதிரே வருவதாகத் தோன்றிவிடும். கேமராவோடு பைக்கில் தொங்கி எடுக்க வேண்டாம். வேகமாக நடந்து எடுத்து, எடிட்டிங்கில் இரண்டு மடங்கு ஓட்டினாலே போதும். மொட்டை மாடியில் ஓட்டம் எடுப்பதானால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் தெருவுக்கு இறங்கிவிடுங்கள்.

படி 7: இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று போடுதல்

ஓவியர் மார்செல் டூஷாமும் புகைப்படக் கலைஞர் மேன் ரேயும் மாடி விளிம்பில் சதுரங்கம் ஆடுவார்கள். அந்தப் பலகையின் மேல் பாரிஸின் கான்கார்ட் சதுக்கம் தோன்றும். பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆட்டமே கலைந்துபோகும். போனில் ஒரு வீடியோவின் மேல் இன்னொன்றை ஓவர்லேயாக வைத்து, அதன் ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை) பாதியாகக் குறைத்தால் போதும். கீழே இருக்கும் படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் மேலே வருவது தெளிவாகத் தெரியும். மூன்று நிமிடப் படத்தில் இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

படி 8: கண்ணாடிக்குக் கீழே இருந்து ஒரு ஷாட்

எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கண்ணாடித் தளத்தின் மேல் ஒரு பாலே நடனக்காரர் ஆடுகிறார்; கேமரா கீழே இருந்து பார்க்கிறது. பாவாடை பூ மாதிரி விரிந்து மூடுகிறது. பிறகு கேமரா மேலே முகத்துக்கு வரும்போது தாடி வைத்த ஆள்! அழகை நன்றாகப் பார்க்க விட்டு, அப்புறம்தான் தாடியைக் காட்டுகிறார் க்ளேர். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கண்ணாடியின் மேல் யாரையும் ஏற்ற வேண்டாம், உடைந்துவிடும். கண்ணாடி மேஜைக்குக் கீழே போனை மேல்நோக்கி வைத்துவிட்டு, மேலே விரித்த குடை ஒன்றை மெல்லச் சுற்றுங்கள். பத்து விநாடி அதைக் காட்டிவிட்டு, குடை பிடித்திருப்பவரின் முகத்தைக் காட்டுங்கள்.

படி 9: மறைதல்

சவப்பெட்டி வயலில் விழுந்து, அதிலிருந்து போர்லின் மந்திரவாதியாக எழுந்து வருவார். கோலை நீட்ட நீட்ட ஒவ்வொருவராக மறைவார்கள். கடைசியில் தன்னையே தொட்டு அவரும் மறைந்துவிடுவார். கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடியும் ஓட்டுவது அந்தக் காலத்து முறை. போனில் நிறுத்தவே வேண்டாம். தொட்டால் அசைந்துவிடும். பதிவை ஓட விட்டு, நடுவில் இருப்பதை எடிட்டிங்கில் வெட்டிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை: போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் ஷாட் போச்சு. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஒருவர் விலகும்போது மற்றவர்கள் சிலை மாதிரி நிற்க வேண்டும், பெருமூச்சுகூட விடக் கூடாது. மேகம் ஓடும் நாளில் எடுத்தால் வெட்டிய இடத்தில் வெளிச்சம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களும் கோல் வைத்தால், அதைப் பிடித்தவர் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் கை ஆடாது.

படி 10: இசை

படத்துக்கு இசை எழுதிய சாட்டி, ஷாட்டுகளின் நீளத்தை க்ளேரிடம் கேட்டு வாங்கி, அதற்கேற்ப எழுதினார். அவர் 1925 ஜூலையில் இறந்தார். அவருடைய கடைசிப் படைப்புகளில் இது ஒன்று. சின்னச் சின்ன இசைத்துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். சவ ஊர்வலத்தில் இசையமைப்பாளர் ஷோபானின் புகழ்பெற்ற இறுதி ஊர்வல இசை உருமாறிக் கேட்கும். படம் கண்டபடி தாவினாலும் இசை நிதானமாக, அதே துண்டைத் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் ‘டொய்ங்’ என்று ஒலி சேர்க்கும் ஆசை உங்களுக்கு வரும். சேர்க்காதீர்கள். மேஜையில் விரலால் நான்கு தட்டு தட்டி எடுத்த ஒரு தாளத் துண்டு இருந்தாலும் போதும். அதையே திருப்பித் திருப்பிப் போட்டு, துரத்தலில் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள்.

படி 11: முற்றும்

‘முடிவு’ என்று எழுதிய திரையைக் கிழித்துக்கொண்டு ஒருவர் நம் பக்கம் வந்து விழுவார். ஒரு கால் அவர் தலையில் உதைக்கும். உடனே அவர் வந்த வழியே பின்னோக்கிப் பறப்பார், கிழிந்த தாள் ஒட்டிக்கொள்ளும். எடுத்ததையே பின்னோக்கி ஓட்டுவதுதான் அது. நீங்கள் உதையை விட்டுவிடுங்கள். செய்தித்தாள்களை ஒட்டி, ‘முற்றும்’ என்று பெரிதாக எழுதி, அதைக் கிழித்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கியபடி ஒருவர் வரட்டும். அதே வீடியோவை ரிவர்ஸில் போட்டு அடுத்ததாகச் சேருங்கள்.

குறைந்தது நான்கு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாள் பெரும்பாலும் நடுவில் கிழியாது. மேலே ஒட்டிய இடத்திலிருந்து அப்படியே பெயர்ந்து வந்துவிடும். அடுத்த தாளின் பின்பக்கம் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி லேசாகக் கீறி வையுங்கள். சரியாக நடுவில் கிழியும்.