பறக்கப் பழகுமுன் தரையில் பழகுங்கள்

விமானியாகும் கனவோடு யாழ்ப்பாணத்திலிருந்து ரத்மலானைக்குப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள், தரையிலிருந்தே கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரை விளையாட்டாக எண்ண வேண்டாம். விமானத்தின் இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்க வேண்டியவற்றின் சோதனைப் பட்டியலை மனதில் பதிப்பதையும் வானொலியில் பேசும் ஒழுங்கையும் தரையிலேயே பழகிவிடலாம்.

வீட்டுக் கணினியின் சிமுலேட்டரில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைத் தெரிவு செய்யுங்கள். அதன் ஓடுபாதை 05/23, அதாவது வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் பெரும்பாலும் அதே கோட்டில்தான் வீசும். ஆகவே இயல்பான காற்றை மட்டும் வைத்துப் பழகினால் பக்கக்காற்றில் இறங்குவது கைவராது. 23இல், அதாவது ஏறத்தாழ 230 பாகையில் தென்மேற்கை நோக்கி, இறங்கும்போது காற்றை 180 பாகையிலிருந்து (தெற்கிலிருந்து) 10 நொட் (மணிக்கு 10 கடல் மைல்) என மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 8 நொட் இடப்பக்கமிருந்து தள்ளும். தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, காரணத்தைக் கண்டு, மறுபடி இறங்குங்கள். வானத்தில் இந்த வசதி இல்லை.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரைக்கு முன் இருப்பவர்கள் கருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆரம்பப் பயிற்சியில் கண் வெளியே, அடிவானத்தில் இருக்க வேண்டும். உயரமானியையும் வேகமானியையும் சில நிமிடம் காகிதத்தால் மூடிவிட்டு ஓட்டுவது நல்ல மருந்து. கடைசி நேரத்தில் மூக்கை உயர்த்தி இறங்கும் உணர்வை எந்தத் திரையும் முழுமையாகத் தராது. அதை ஆசிரியரோடு விமானத்தில்தான் கற்க வேண்டும்.

வீட்டில் ஓட்டிய நேரம் பறப்புப் பதிவேட்டில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவியில் எவ்வளவு நேரம் கணக்கில் வரும் என்பதைச் சேரும்போதே பயிற்சிப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.