சுகாதாரக் கல்வியில் மேற்படிப்பு: சேரும்போது செய்யும் தவறுகள்

'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த விரும்புகிறேன்.' இந்தத் துறையில் முதுகலை சேர எழுதப்படும் விண்ணப்பக் கடிதங்களில் இந்த வரி இல்லாததைப் பார்ப்பது அபூர்வம். முதல் தவறே இதுதான். விழிப்புணர்வு மட்டும் போதாது என்று தெரிந்த இடத்தில்தான் இந்தத் துறையின் முக்கியமான கோட்பாடு ஒன்று பிறந்தது.

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை, காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் குடியிருக்கும் இடத்துக்கே அனுப்பியது. எதிர்பார்த்த அளவு ஆட்கள் வரவில்லை. காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற சமூக உளவியலாளர் மக்களிடமே காரணம் கேட்கப் போனார். 'எனக்கும் வரலாம்', 'முன்பே கண்டுபிடித்தால் நல்லது' என்ற இரண்டு நம்பிக்கையும் உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) என்று இன்றும் வகுப்பில் படிக்கும் கோட்பாடு இப்படிக் கிளைத்ததுதான்.

ஆகவே கடிதத்தில் ஆசையை எழுதாதீர்கள், ஒரு புதிரை எழுதுங்கள். கழிப்பறைச் சுவரில் 'கை கழுவுங்கள்' என்று பளிச்சென்று ஒரு சுவரொட்டி. கீழே சோப்புப் பெட்டி காலி. குழாயோ சிறு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். இதில் மாற்ற வேண்டியது பிள்ளையின் அறிவையா, குழாயையா? இப்படிக் கேட்கத் தெரிந்தவரைத்தான் பேராசிரியர்கள் தேடுகிறார்கள்.

அடுத்து, 'இது பேசுகிற வேலை, கணக்கு வராது' என்று நம்பி வருவது. ஊருக்கு உபதேசம் செய்யும் படிப்பல்ல இது. புள்ளியியல், கேள்வித்தாள் வடிவமைப்பு, திட்ட மதிப்பீடு எல்லாம் உண்டு. வேலைச் சந்தையில் உங்களைத் தனித்துக் காட்டுவதும் அவைதான்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் சேருவதும் உண்டு. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) களப்பணிக்கானது, எம்.எஸ். (அறிவியல் முதுகலை) பெரும்பாலும் ஆய்வுக்கானது. அமெரிக்காவில் எம்.பி.எச். பெரும்பாலும் சொந்தச் செலவு. பிஎச்.டி.க்கு உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுதான் இலக்கு என்றால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். அமெரிக்காவில் இத்துறைக்கென்று சி.எச்.இ.எஸ். (சான்றளிக்கப்பட்ட சுகாதாரக் கல்வி நிபுணர்) தேர்வு இருக்கிறது. சுகாதாரக் கல்வி என்று பெயரிட்ட பட்டம் இல்லாதவர்கள், அதன் திறன்களை ஒட்டிய பாடங்களில் 25 செமஸ்டர் கிரெடிட் காட்ட வேண்டும். பொதுவான எம்.பி.எச். எடுத்துவிட்டுக் கடைசிப் பருவத்தில் எண்ணிப் பார்த்தால் குறையும். முதல் பருவத்திலேயே எண்ணுங்கள்.

வேலை தேடும்போது 'சுகாதாரக் கல்வியாளர்' என்ற ஒரே பெயரில் தேடினால் பாதி வாய்ப்பு கண்ணில் படாது. திட்ட ஒருங்கிணைப்பாளர், மதிப்பீட்டு ஆய்வாளர், நோயாளர் கல்வி, பணியிட நலன் என்று வெவ்வேறு பெயர்களில் அதே வேலை ஒளிந்திருக்கும்.

அப்புறம் தற்குறிப்பு. '12 கூட்டங்கள் நடத்தினேன்' என்று எழுதினால், படிப்பவர் மனதில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: 'வந்தவர்களில் எத்தனை பேர் பிறகு பரிசோதனைக்குப் போனார்கள்?' அந்த எண் கையில் வேண்டுமென்றால், களப்பயிற்சியின் முதல் வாரத்திலேயே பதிவேடு ஒன்றைத் திறந்துவிட வேண்டும்.